கழியாத நேர்ச்சை

"ஏலே ராஜபாண்டி, அய்யனாருக்கு நேந்திருக்கேன்."

"என்னன்னும்மா?"

"நீ எந்திரிச்சு நடந்துட்டா கோயிலைச் சுத்தி உருண்டு வாரதா."

"யாரு உருளுவா?"

"நீதான். பின்ன நானா?"

"இடுப்புல பிளேட் வச்சிருக்காவளேம்மா."

"அதைத்தான் கழட்டிருவாவல்லா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாய் சுப்புத்தாயும் மகனும் பேசிக்கொண்டது இது. இரண்டு பஸ்கள் மோதிக்கொண்டதில் ராஜபாண்டியின் இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. மறுநாள் வந்த டாக்டர், பிளேட் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும், அந்த இடுப்பைத் தரையில் அழுத்தவே கூடாது என்றார். சுப்புத்தாய் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாமியிடம் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதே.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. நேர்ச்சை கழியாமல் வீட்டில் கல்யாண மேளம் கூடாது என்பது சுப்புத்தாயின் சட்டம். ராஜபாண்டி நடந்துவிட்டான். ஆனால் வலது கால் ஒரு விரற்கடை குட்டை. இடது காதில் பாதிதான் கேட்கும். கரிசல் நனைந்தால் சேற்றிலிருந்து அவன் காலைப் பிடுங்க இன்னோர் ஆள் வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோவில்பட்டியில் மருந்தடிக்கிற மெஷின் ரிப்பேர் கடை போட்டான். மேகம் கூடினால் அவன் இடுப்புக்குத்தான் முதலில் தெரியும். "தம்பி, இன்னைக்கு வலிக்கா? உளுந்து விதைக்கலாமா?" என்று ஊரிலிருந்து போன் வரும்.

அவனை நடக்கவைத்தவள் தாய்மாமன் மகள் இசக்கிசெல்வி. கடலைமிட்டாய் கம்பெனியில் வேலை. சாயங்காலம் வந்து ஒரு மிட்டாயை நீட்டிக்கொண்டே பின்பக்கமாக நகருவாள். "எங்க ஆட்டுக்குட்டி இதைவிட வேகமா வரும் அத்தான்" என்பாள். வாசல் வரை, தெருமுனை வரை, கடைசியில் பஸ் ஸ்டாப் வரை அவனை அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவனுக்கு அப்போதிருந்தே ஆசை. கேட்கவில்லை. நாளாக ஆக இந்த இடுப்பு இன்னும் மோசமாகும் என்று டாக்டர் சொன்னது தடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை குளத்தூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, ராஜபாண்டி ஊர்க் களத்தில் சாக்கை விரித்து உருண்டு பழகினான். குட்டைக் கால் அவனை ஒரு பக்கமாகவே இழுத்தது. சாக்கை விட்டிறங்கி, புழுதியில் வளைந்து போய், மாமன் வீட்டு ஆட்டுத் தொழுவத்தின் வேலியில் முட்டி நின்றான். ஆடுகள் கத்தின. செல்வி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"கோயில் அந்தப் பக்கம் அத்தான்."

"சிரிக்காதட்டி. தூக்கிவிடு."

"டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்ன பொறவும் எதுக்கு உருளுதீங்க?"

"நேர்ச்சை கழியணும்லா."

"ஆறு வருஷமா இல்லாத அவசரம் இன்னைக்கு என்ன?"

அவன் காதிலிருந்த மண்ணைத் தட்டினான். அவள் வேலியைச் சுற்றி வந்து, கை கொடுத்துத் தூக்கி, கவிழ்த்திருந்த உரலில் அவனை உட்காரவைத்தாள். அதற்குள் சுப்புத்தாய் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"உருளாதலே, உருளாத. வேற வழி இருக்கான்னு பூசாரிகிட்ட அப்பவே கேட்டுட்டேன். வீட்டாளு யாராவது உருண்டாலும் போதுமாம். நானே உருண்டேன். அரைச் சுத்துலயே தலை கிறுகிறுத்து, நாலு பேரு தூக்கிட்டு வந்தாவ."

"வீட்டாளுன்னா வேற யாரெல்லாம் அத்தே?" என்றாள் செல்வி.

"தாய், கூடப்பொறந்தவ, பெஞ்சாதி. கூடப்பொறந்தவ இவனுக்கு இல்ல."

"அப்ப பெஞ்சாதி உருளலாம்."

"உருளலாம். நேர்ச்சை கழியாம கல்யாணம் ஏது?"

"கல்யாணம் ஆகாம பெஞ்சாதி ஏது? நல்லா முடிச்சுப் போட்டிருக்கீங்க அத்தே."

"கோயில்ல வச்சே தாலியைக் கட்டி, மேளம் இல்லாம, பொண்ணு ஈரச்சேலையோடவே ஒரு சுத்து உருண்டுட்டா அய்யனாரு கோவிக்க மாட்டாரு" என்றாள் சுப்புத்தாய். பிறகு மகனைப் பார்த்தாள். "ஆனா கேக்க வேண்டியவன் வாயைத் தொறக்கணும்லா."

ராஜபாண்டி செல்வியின் பக்கம் திரும்பினான்.

"செல்வி, நாப்பது வயசுல இடுப்பையே மாத்த வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அன்னைக்கு ஸ்கேன் கவரைப் பிடிச்சுட்டு உங்க பக்கத்துல நின்னது யாரு?"

"மழைக்காலத்துல வலி வந்தா எரிஞ்சு விழுவேன்."

"இப்ப மட்டும் கொஞ்சுதீங்களாக்கும்."

"காது வேற பாதிதான் கேக்கும்."

"அந்தப் பக்கம் நின்னுதான உங்களை இத்தனை நாளும் திட்டிட்டு இருக்கேன்."

சுப்புத்தாய் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். செல்வி சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உரலில் கையூன்றி, அவள் உதவியில்லாமலே எழுந்து நின்றான்.

"ஞாயித்துக்கிழமை அவியளை வர வேண்டாம்னு மாமாவைச் சொல்லச் சொல்லு" என்றான். "என்னைக் கட்டிக்கிடுதியா, செல்வி?"