முறுக்குன்னு சொல்லிரு

மலாக்கா மாநிலத்துச் சிம்பாங் அம்பாட் பக்கம் கடனுதவி கொடுக்கிற அதிகாரி யாராவது ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்து, "என்ன வியாபாரம் செய்யப் போறீங்க?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். முறுக்கு. தைக்கத் தெரிந்தவளும் முறுக்கு என்பாள், முடி வெட்டத் தெரிந்தவளும் முறுக்கு என்பாள். அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காதவள்கூட கூசாமல் முறுக்கு என்பாள். கேட்கிறவருக்கும் அது வசதிதான். பெண், எண்ணெய்ச் சட்டி, தீபாவளி எல்லாம் மனசில் சட்டென்று பொருந்திவிடும். மேற்கொண்டு கேள்வி வராது.

தேவமலரும் அப்படித்தான் சொன்னாள். சொன்னாள் என்பதுகூடத் தப்பு. போன வருஷம் அந்த அதிகாரி, "முறுக்குதானே?" என்று கேட்டார். "முறுக்குன்னு சொல்லிரு" என்று பக்கத்தில் நின்ற வேலாயி அக்கா இடுப்பில் இடித்தாள். தேவமலர் தலையை ஆட்டி வைத்தாள். ஐந்து பேர் கொண்ட குழு அது. ஒருத்தி வாங்கும் கடனுக்கு மற்ற நாலு பேரும் ஜாமீன். மற்ற நாலு பேரும் முறுக்கு என்றிருக்க, இவள் மட்டும் வேறு எதையாவது சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன்?

பணம் கைக்கு வந்ததும் நேராக அலோர் காஜாவுக்கு பஸ் ஏறிப் போய், முதுகில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டு மெசின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்குத் தெரிந்த வேலை அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் செம்பனை மரத்தடியில் ஆண்களுக்குச் சமமாகப் புல் வெட்டியவள். தோட்டம் கைமாறி, ஜனங்கள் பிளாட்டுக்குக் குடிவந்த பிறகு கையுறை ஃபெக்டரியில் சேர்ந்தாள். அதுவும் ஆள் குறைத்தபோது போய்விட்டது. புருஷன் சேகரனுக்கு ஒரு விபத்தில் முதுகு போய், ஜாகாவாகக் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் மட்டும் சரியாக இருக்கும். ஆனால் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளில் எந்த வீட்டைப் பார்த்தாலும் வாசலில் புல் இடுப்பளவு நின்றது. வெட்டுகிறவன் தனக்குத் தோன்றினால்தான் வருவான். தேவமலர் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றாள். அவ்வளவுதான் அவள் செய்த வித்தை. ஒரே வருஷத்தில் வாரம் முழுக்க வேலை. "பொம்பள முதுகுல மெசினா?" என்று வாயைப் பொத்திச் சிரித்த சொந்தக்காரர்கள், இப்போது தங்கள் வீட்டுப் புல்லுக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். கூலியில் அவள் ஒரு காசு குறைப்பதில்லை. ஏன் குறைக்க வேண்டும்?

முறுக்குக்காரிகள் பாடுதான் பரிதாபம். ஒரே மாடியில் நாலு வீட்டிலும் எண்ணெய் காய்ந்தது. வேலாயியிடம் ராகினி வாங்குவாள், ராகினியிடம் வேலாயி வாங்குவாள். காசு அந்த மாடியை விட்டு இறங்கவே இல்லை, எல்லாருக்கும் உடம்பு மட்டும்தான் பெருத்தது.

அப்போதுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. ஊருக்கு வெளியே குன்றின்மேல் சீனர்களின் இடுகாடு. செங் பெங் திருநாள் வந்தால் குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்கு வந்து கும்பிடுவார்கள். அதற்குள் குன்று முழுக்க மண்டிக் கிடக்கும் லாலாங் புல்லை வெட்டியாக வேண்டும். மேற்பார்வை பார்க்கும் லிம், தேவமலரின் வேலையைத் தாமானில் பார்த்தவர். ஆளும் மெசினும் சேர்த்துக்கொண்டு வந்தால் வருஷா வருஷம் உனக்குத்தான் என்றார். இரண்டாவது கடன் கிடைத்தால் இன்னும் நாலு மெசின் வாங்கலாம். நாலு பெண்களும் சட்டியைக் கவிழ்த்துவிட்டு அவளோடு கிளம்பத் தயாராக இருந்தார்கள்.

"பொம்பளைங்க பொதைக்கிற எடத்துக்குப் போறதான்னு கேப்பாங்கக்கா" என்று ராகினி இழுத்தாள்.

"கேக்கட்டும்லா. உசுரோட இருக்கிறவங்ககிட்ட முறுக்கு வித்துப் பாத்தாச்சு. செத்தவங்களாலயாவது நாலு காசு வருதான்னு பாப்போம்" என்றாள் வேலாயி.

எல்லாம் சரி. இரண்டாவது கடனுக்கு முன்னால் முதல் கடனில் நடக்கும் வியாபாரத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். நளினி என்ற புது அதிகாரி சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. பொய் வெளிப்பட்டால் ஐந்து பேருக்கும் கடன் கிடையாது. கடன் இல்லையென்றால் குன்றும் இல்லை.

சனிக்கிழமை காலையில் நாலு வீட்டு முறுக்கு டின்களும் தேவமலர் வீட்டு வரவேற்பறையில் அடுக்கப்பட்டன. வேலாயி பிசைந்து வைத்த மாவு தயார், ராகினியின் அச்சுக் குழல் தயார். மெசின் மட்டும் படுக்கையறையில் போர்வைக்குள் காய்ச்சல் கண்டவன் போலப் படுத்துக் கிடந்தது. நாலு பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

நளினிக்கு முப்பதுகூட இருக்காது. மலாக்கா டவுனில் வளர்ந்தவள், பேச்சில் வேகம் அதிகம். ஒரு முறுக்கைக் கடித்து, "நல்லாருக்கே!" என்றாள். வேலாயிக்குப் பெருமையில் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"அக்கா, ஒரு சுத்து பிழிஞ்சு காட்டுங்க. வீடியோ எடுத்து ஆபீஸ்ல காட்டணும்."

தேவமலர் குழலைக் கையில் எடுத்தாள். அமுக்கினாள். மாவு முதலில் வரவே மாட்டேன் என்றது, பிறகு மொத்தமாக வந்தது. எண்ணெயில் விழுந்ததற்கு முறுக்கு என்று பெயர் வைத்தால் முறுக்கு கோபித்துக்கொள்ளும்.

நளினி கைப்பேசியைத் தாழ்த்தினாள். "அக்கா... ஒரு வருசமா இதையா வித்தீங்க?"

சுவரோரத்தில் யாரோ இருமினார்கள். இன்னொரு பொய் சொல்ல நேரம் இருந்தது. கை சுட்டுவிட்டது, கண் தெரியவில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தேவமலருக்குக் கோபம் வந்தது. அதிகாரி மேல் இல்லை, தன் மேல்தான். கொளுத்துகிற வெயிலில் நின்று சம்பாதித்தவள், திருடியைப் போல மெசினைப் போர்வைக்குள் ஒளித்துவிட்டு, தெரியாத வேலைக்குப் பெயர் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாளே! அடுப்பை அணைத்தாள்.

"மிஸ், எனக்கு முறுக்கு சுடத் தெரியாது. நான் புல்லு வெட்டுறவ. நீங்க குடுத்த காசுல மெசின் வாங்குனேன்."

"முறுக்குன்னு சொல்லித்தானே லோன் எடுத்தீங்க?"

"சொன்னது பொய்தான். ஆனா ஒரு வாரம்கூட கட்டாம விட்டதில்ல. அந்தக் காசு புல்லுல வந்த காசு."

"இத நான் மேல சொன்னா குரூப் மொத்தத்துக்கும் கட் பண்ணிருவாங்க. தெரியுமா?"

தன்னால் மற்ற நாலு பேர் பிழைப்பும் போய்விடுமே என்று தேவமலர் சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். "தப்பு என்னுது மிஸ். இவங்க மேல கை வைக்காதீங்க."

"யாரு தப்பு?" வேலாயி எழுந்து நின்றாள். "முறுக்குன்னு சொல்லச் சொன்னதே நான்தான். டின்னுங்க கொண்டாந்து அடுக்குனது நாங்க நாலு பேரும். எழுதுறதா இருந்தா அஞ்சு பேரு பேரையும் சேத்து எழுதுங்க."

நளினி ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மெசின் எங்க?" என்றாள்.

பிளாட்டுக்குப் பின்னால், லோங்கான் வாய்க்கால் ஓரம் லாலாங் ஆளுயரத்துக்கு நின்றது. தேவமலர் பூட்ஸ் மாட்டினாள், முகத்துக்குத் தடுப்புக் கண்ணாடி போட்டாள், மெசினை முதுகில் ஏற்றிக் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தாள். மெசின் சீறிக் கத்தியது. முறுக்குக் குழலில் தடுமாறிய அதே கை இங்கே ஆடாமல் அசையாமல் போய்வந்தது. லாலாங் ஒரு பக்கமாக வரிசை வரிசையாகச் சாய்ந்தது. நளினியின் செருப்புக்கு முன்னால் வந்து அளவாக நிறுத்தினாள்.

நளினி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

தேவமலர் அங்கேயே லிம்முக்குப் போன் போட்டு, எல்லார் காதிலும் விழும்படி வைத்தாள். "மலார், பீலா நாக் மூலா?" என்று கத்தினார் லிம். எப்போது தொடங்குவாய் என்று அவருக்கு அவசரம். மெசின்களைக் குன்றின்மேல் ஏற்ற வழி உண்டா என்று தேவமலர் மலாயில் கேட்டாள். "லோரி அடா, டிரைவர் தக் அடா!" வண்டி நிற்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லையாம்.

"நான் பிராமிஸ் பண்ண முடியாதுக்கா" என்றாள் நளினி கிளம்பும்போது. "உள்ளத உள்ளபடி எழுதுறேன். பொய்யும் எழுதுவேன், புல்லும் எழுதுவேன். முடிவு அவங்க கையில."

"எழுதுங்க மிஸ்" என்றாள் தேவமலர். அன்று இரவு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. மற்ற நாலு பேருக்கும் வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

அடுத்த புதன்கிழமை கோயில் மண்டபத்தில் குழுக்களின் வாராந்தரக் கூட்டம். நளினி வந்தவுடன் தேவமலரைப் பார்க்கவில்லை. வேலாயி விரலைக் கடித்தாள்.

"ஒங்க லோன் பாஸ் ஆயிருச்சு" என்றாள் நளினி, முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு. "வீடியோவ மேனேஜர் ரெண்டு தடவ பாத்தாரு. ஆனா இன்னொரு தடவ முறுக்குன்னு சொன்னீங்கன்னா நானே கேன்சல் பண்ணிருவேன்."

மண்டபம் அதிரச் சிரிப்பு எழுந்தது. வேலாயி மட்டும் அழுதாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தேவமலர் அவள் முதுகில் ஒன்று போட்டாள்.

பிறகு புதிதாகச் சேர வந்தவர்களின் முறை. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் பாக்கியலட்சுமி, செலண்டாரிலிருந்து போன மாதம்தான் குடிவந்தவள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வியாபாரம் செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் நளினி.

பக்கத்திலிருந்தவள் பாக்கியலட்சுமியின் இடுப்பில் இடித்தது தேவமலரின் கண்ணுக்குத் தப்பவில்லை. அந்த இடி எங்கே விழும், எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"முறுக்குங்க" என்றாள் பாக்கியலட்சுமி.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தேவமலர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாள்.

"நெசமாவா தங்கச்சி?"

பாக்கியலட்சுமி தலையை ஆட்டப் போனாள். பாதியில் நின்றுவிட்டது.

"இல்லக்கா" என்றாள். "எனக்கு முறுக்கெல்லாம் வராது. செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுனேன். லைசென்கூட இருக்கு. பொம்பளைக்கு யாரு லோரி வேல குடுப்பான்னுதான்..."

தேவமலர் தன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இங்க வந்து உக்காரு" என்றாள். "நாளைக்குக் காலையிலயே வேல இருக்கு."