எழுதாமல் விட்ட பதினொன்று

லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டும்போது மருந்து ஏற்றும் இயந்திரம் நின்றுவிட்டது. மணி அடிக்கவில்லை, விளக்கு சிமிட்டவில்லை. பேட்டரி முக்கால் பங்கு இருப்பதாகக் காட்டிக்கொண்டே திரை அணைந்துபோனது. படுக்கையின் தலைமாட்டைப் பிடித்து நின்ற அவர்தான் முதலில் கவனித்தார். மனைவியின் கையில் ஏறிக்கொண்டிருந்த வலி மருந்து நின்றுவிட்டது என்று புரிந்தது. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி. அவளுக்கும்தான்.

நர்ஸ் பதறவில்லை. குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றி, பாட்டிலை உயரத் தொங்கவிட்டு, குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

"ஒரு மாசமா இது இப்படித்தான் சார் பண்ணுது. முக்கால்னு காட்டும், பொசுக்குனு போயிடும். நாங்க இதை நம்புறதையே விட்டுட்டோம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இது நாங்கள் செய்த இயந்திரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெரிய வார்டிலிருந்து நாலாம் மாடித் தனியறைக்கு அவளை மாற்றுகிறார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வலி தெரியாமல் இருக்கட்டும் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். அறைக்குள் போனதும் இயந்திரத்தைச் சுவர்ப் பிளக்கில் செருகினார்கள். அது நல்ல பிள்ளைபோல உயிர்பெற்றது. ஆனாலும் நர்ஸ் உடனே போகவில்லை. அவளுடைய வேலை நேரம் முடிந்து அடுத்தவள் வந்துவிட்டாள். இவளோ கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படுக்கையோரம் நின்றபடி இன்னும் இருபது நிமிஷம் சொட்டுகளை எண்ணினாள். நோயாளியின் முகச்சுளிப்பு மறைந்த பிறகுதான் குழாயை இயந்திரத்துக்கு மாற்றிவிட்டுக் கிளம்பினாள். யாரும் கேட்காமல் செய்யப்படும் இப்படிப்பட்ட காரியங்களால்தான் உலகம் இன்னும் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அது அவரை மேலும் சுட்டது.

கம்பெனியில் அவள் எலக்ட்ரானிக் போர்டுகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டாள். எந்த இயந்திரத்தில் எந்தப் போர்டு, எந்தப் பேட்டரி, எது எப்போது மாறியது என்பதெல்லாம் அவள் கையில். அதற்குள் ஓடும் சாஃப்ட்வேரின் பதிவேடு அவர் கையில். 'ரிஜிஸ்டரம்மா', 'வெர்ஷன் சார்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இரண்டு பதிவேடுகளையும் ஒன்றாக்க வேண்டும் என்று பேசிப் பேசியே பத்து வருஷம் போய்விட்டது. "புருஷன் பொண்டாட்டி சேர்ந்தாச்சு, ரெண்டு ரிஜிஸ்டரும்தான் இன்னும் தனிக்குடித்தனம்" என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். அவசரமும் இருக்கவில்லை. புதன்கிழமைதோறும் இயந்திரங்களை அனுப்பும் முன் அவர் தன் மேஜையிலிருந்தே குரல் கொடுப்பார், "ஏம்மா, அனுப்பலாமா?" எதிர் மேஜையில் அவள் தலையை ஆட்டுவாள், அல்லது கையைக் காட்டி நிறுத்துவாள். இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் அந்தக் கேள்விதான். அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அன்றுதான் அவளுக்குப் புற்றுநோய்க்கான முதல் ஊசி. எதிர் மேஜை காலியாக இருந்தது. அலமாரியில் 'சி' ரகம் என்று ஒட்டியிருந்த எல்லா இயந்திரங்களுக்கும் சாஃப்ட்வேரின் ஏழாம் வெர்ஷன் போட்டு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார். அவருடைய பதிவேட்டின்படி அது சரி. அவளுடைய பதிவேட்டின்படியும் சரி.

இப்போது அந்தத் தனியறையில், பையிலிருந்த சில்லறைக் காசு ஒன்றால் இயந்திரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்தார். பக்கவாட்டில் 'சி' என்று ஒட்டியிருந்தது. உள்ளே இருந்ததோ பச்சை உறை போட்ட பேட்டரி. புதுச் சரக்கு. பழைய நீலப் பேட்டரி மெதுவாக இறங்கும். பச்சை கடைசிவரை நிமிர்ந்து நின்று திடீரென்று விழும். பச்சை இருந்தால் 'டி' என்று ஒட்டி, எட்டாம் வெர்ஷன் போட வேண்டும். ஏழுக்குப் பச்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"ஏங்க, அது நம்ம மிஷினா?"

அவள் கண்ணைத் திறந்திருந்தாள். அவர் மூடியைச் சாத்தினார்.

"என்ன பேட்டரி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். இந்த நேரத்தில் சொல்லும் பொய்யைக் கடவுள் மன்னிப்பார் என்றுகூட நினைத்தார். ஆனால் பேட்டரி விஷயத்தில் அவளிடம் பொய் சொல்லி யாரும் தப்பியதில்லை.

"பச்சை" என்றார்.

அவள் தலையைத் திருப்பி இயந்திரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னாள். ரிப்பேருக்கு வந்த பதினோரு 'சி' இயந்திரங்களுக்குப் பச்சைப் பேட்டரி மாற்றச் சொன்னது அவள்தான். சனிக்கிழமை பதிவேட்டில் ஏற்றி, 'டி' ஒட்டலாம் என்று அலமாரியில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமையே படியில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு ஊசி, ஸ்கேன், வாந்தி. பதினொன்றும் மறந்தே போய்விட்டன.

"நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

"நான்தான் உன்கிட்ட கேக்காம அனுப்பிட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல. சும்மாதானே படுத்திருந்தேன்" என்றாள். உதட்டோரம் லேசாகச் சிரித்தது.

கம்பெனி இயந்திரங்கள் நாற்பது ஆஸ்பத்திரிகளில் இருந்தன. 'சி' ஒட்டியவை மட்டும் முந்நூறுக்கு மேல். எல்லாவற்றையும் திறந்து பார்க்க ஒரு மாதமாவது ஆகும். எந்தப் பதினொன்று என்பது உலகத்தில் ஒரே ஒரு தலைக்குள் இருந்தது. அந்தத் தலை தலையணையில் அழுந்திக் கிடந்தது.

அவர் மருந்துச் சீட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தபோது, ஜன்னலோரம் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அவளுடைய அக்கா எழுந்து வந்தாள். அந்த அக்கா எட்டு நாளாக ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறவள்.

"என்ன தம்பி இது? இந்த நேரத்துல இவகிட்ட ஆபீஸ் கணக்கா கேக்குறீங்க? நல்லதா நாலு வார்த்தை பேசக் கூடாதா?"

அவருக்கும் அதுதான் ஆசை. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனாலும் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அக்கா, நீ கொஞ்சம் இரு" என்றாள் படுத்திருந்தவள். "இப்ப எங்கயாவது ஒருத்தரை லிஃப்ட்ல தள்ளிட்டுப் போயிட்டிருப்பாங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவள் எண்களை எண்களாக நினைவு வைத்திருக்கவில்லை. காயங்களாக வைத்திருந்தாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து மூடி விரிசல் விட்டு வந்தது ஒன்று. அதன் எண் நாப்பத்தொண்ணுல முடியும். யாரோ கஞ்சியைக் கொட்டி, பொத்தான் ஒட்டிக்கொண்டது ஒன்று. கைப்பிடியில் ஒரு குழந்தை பொம்மைப் படம் ஒட்டியிருந்தது ஒன்று. அதைக் கிழிக்க மனசு வராமல் அப்படியே விட்டாளாம். ஒவ்வொன்றுக்கும் இடையில் மருந்து அவளை உள்ளே இழுக்கும், அவள் திரும்பி வருவாள், வரும்போது ஓர் எண்ணைக் கொண்டு வருவாள். அவர் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் அவள் கண்ணைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தாள்.

"நம்பர் மட்டும் எழுதாதீங்க. மிஷின், போர்டு, பேட்டரி, சாஃப்ட்வேர், எல்லாம் ஒரே வரியில எழுதுங்க. நாம பேசிக்கிட்டோம், அதனால ஓடிச்சு. இனிமே யாருங்க பேசிப்பாங்க?"

அவர் கோடு போட்டு நாலு கட்டமாக்கி, முதலிலிருந்து மறுபடி எழுதினார். பத்து வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

படுக்கையருகே இருந்ததையும் சேர்த்து ஒன்பது ஆயிற்று.

"இன்னும் ரெண்டு" என்றாள். "பொறுங்க, வரும்."

தூங்கிவிட்டாள். மனசில் இருந்த பாரத்தை இறக்கி வைத்தவர்களுக்குத் தூக்கத்தைக் கடவுள் தாராளமாகத்தான் கொடுக்கிறார். அவர் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாயிற்று. எந்த மூச்சு கடைசி மூச்சு என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காதான் பார்த்தாள். இயந்திரம் தன்பாட்டில் மருந்தை ஏற்றிக்கொண்டே இருந்தது. அதை யார் நிறுத்தினார்கள் என்பதும் அவருக்கு நினைவில்லை.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். கூடத்து நாற்காலிகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் போட்டார்கள். கம்பெனியிலிருந்து பாதிப்பேர் வந்திருந்தார்கள். மேனேஜர் அவர் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். வண்டி வர அரைமணி இருந்தபோது, அவர் மேனேஜரை வாசல் மரத்தடிக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ரெண்டு மூணு நாள் போகட்டும் என்றார். உங்க துக்கத்துல நீங்க இதெல்லாம் யோசிக்கக் கூடாது என்றார். பிறகு, சொல்லத் தயங்கி, சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் கடிதம் போச்சுன்னா அம்மா பேரு அடிபடும் சார். இன்னிக்கு அது வேணுமா?"

அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார். மூக்குக்கண்ணாடி கழற்றிய அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. ஒரு தப்பும் செய்யாதவள் என்றுதான் அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அவ பேரை எழுதுங்க. பக்கத்துல என் பேரையும் எழுதுங்க. என் பேரு முதல்ல இருக்கட்டும்" என்றார். "அவளே சொல்லிட்டா சார். நாம எப்படி மறைக்கிறது?"

மேனேஜர் பட்டியலைக் கேட்டார். அவர் சட்டைப் பையைத் தடவினார். இல்லை. நேற்றுச் சட்டையிலும் இல்லை. ஆஸ்பத்திரிச் சாமான்களைக் கட்டும்போது எங்கேயோ போயிருக்க வேண்டும். மூட்டையை அவிழ்த்தார், துண்டு, தட்டு, டம்ளர். ஆட்கள் அவரைப் பார்த்து, துக்கத்தில் நிலைகொள்ளாமல் தேடுகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தன் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, நடுவில் மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"கட்டில் அடியில கிடந்துச்சு தம்பி. கசங்கக் கூடாதுன்னு வெச்சேன்."

அவர் அதை மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் போன் செய்துகொண்டே நடந்துபோனார். வண்டி வந்து நின்றது.

மாலைக்குள் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கடிதம் போய்விட்டது: 'சி' ஒட்டிய எதையும் சுவரிலிருந்து கழற்ற வேண்டாம். இரண்டு நாளில் ஒன்பதையும் பிடித்துவிட்டார்கள். மிச்சம் இரண்டை முந்நூறில் தேட வேண்டும். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று சொல்லி, ஆட்களோடு அவரும் கிளம்பினார். கையில் ஒரு திருப்புளி, ஒரு கட்டு 'டி' ஸ்டிக்கர்.

அன்று அவர் போன மூன்றாவது ஆஸ்பத்திரி சின்னது. மூன்று இயந்திரங்களில் இரண்டைத் திறந்தார், நீலம். மூன்றாவது ஒரு பெண்ணுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நரைத்த தலை, மூடிய கண்கள். மருந்து முடிய நாற்பது நிமிஷம் ஆகும், அதுவரை தொடக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். அவர் சரி என்று சுவரோரம் நின்றார்.

படுக்கைக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு முதியவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். விழித்து, இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க ஆளு எந்த பெட்டுங்க?"

அவர் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார்.

"மிஷின் பாக்க வந்தேங்க" என்றார் கடைசியில்.

முதியவர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பெஞ்சில் இருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தான் விரித்திருந்த துண்டின் மறுபாதியைக் கையால் நீவிவிட்டார்.

"பெஞ்சு சில்லுனு இருக்கும். இது மேல உக்காருங்க."