அரிவாள் வாத்துக்கு ஒரு சாட்சி

“இடது பக்கம்... பாறைக்கு இடது பக்கம்... சீக்கிரம்!”

ரஞ்சன் சேற்றில் குப்புறப் படுத்திருந்தான். முழங்கை இரண்டும் சகதியில் புதைந்திருந்தன. மூக்கு நுனியில் ஓர் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிட நேரமில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்த மறுவிநாடி அது மாயமாகிவிட்டால்?

“தலை பச்சை, நடுவுல செம்பு நிறம். பிடரியில சிங்கம் மாதிரி முடி. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், பார்த்தேன்னு சொல்லுங்க. போதும்!”

அவனுக்குப் பின்னால் பதினேழு பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தப்பு. திறந்திருந்தார்கள். எதையோ மெல்லும் சத்தம் கேட்டது.

ஷாமீர்பேட்டை ஏரி. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு பன்னிரண்டு. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. சாதாரணக் குளிர்கால வாத்துகள் இருநூறு சொச்சம் மிதந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீரில், யாரோ தெரியாமல் கல்யாண வீட்டுக்குள் புகுந்துவிட்டவன் மாதிரி, ஓரமாக ஒதுங்கி நின்றது அது.

ஃபால்கேட்டட் டக். ரஞ்சன் தன் நோட்டில் எழுதி வைத்திருந்த பெயர் அரிவாள் வாத்து. முதுகிலிருந்து வால் மேல் வளைந்து தொங்கும் இறகுகள் அச்சு அசல் அரிவாள். சைபீரியாவின் கிழக்குப் பக்கம் பிறந்து, குளிருக்குச் சீனாவில் போய் இறங்க வேண்டிய பிராணி. எங்கோ ஒரு தப்பான திருப்பத்தில் திரும்பி, கரீம்நகர் சாலையோரம் வந்து சேர்ந்திருந்தது.

ரஞ்சன் எட்டு வருஷமாக ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் சோதிக்கிறான். எட்டு வருஷமாக ஞாயிறு தோறும் இந்தச் சேற்றில் படுக்கிறான். பெட்ரோல் விலை ஏறிய தேதிகூட அவனுக்குத் தெரியாது. சிறவி வாத்து வந்து இறங்கிய தேதி தெரியும்.

ஆனால் பார்த்தால் மட்டும் போதாதே!

அவன் இருக்கும் ‘டெக்கான் ரெக்கை’ கிளப்பின் பதிவுக் குழுவுக்குத் தலைவர் வைத்தியநாதன், ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு கட்டிக்கொண்டு ஓய்வில் இருக்கும் எஞ்சினியர். அவருடைய சட்டம் ஒரே வரி. போட்டோ வேண்டும். இல்லையென்றால் கூடவே நின்று பார்த்த ஒரு சாட்சி வேண்டும். இரண்டும் இல்லாமல் ரஞ்சன் போன வருஷம் கொடுத்த இரண்டு அபூர்வப் பறவைகளும் சிவப்பு மையில் அடிபட்டுத் திரும்பின.

“நீ பார்த்தது பறவையா, உன் ஆசையா ரஞ்சன்?” என்று முழுக் கூட்டத்தின் முன்னால் கேட்டார் வைத்தியநாதன். அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயர் ‘புருடா ரஞ்சன்’. மூன்றாவது முறையும் அடிபட்டால் ஞாயிறு நடையை நடத்தும் பொறுப்பு அவனிடமிருந்து அனிருத் கைக்குப் போகும். அனிருத்துக்குக் காக்கைக்கும் குயிலுக்குமே சந்தேகம் வரும்.

போட்டோ எடுத்துவிடலாம்தான். கழுத்தில் இரண்டு கிலோ கேமரா தொங்கியது. அதன் மெமரி கார்டு வீட்டில் லேப்டாப்புக்குள் இருந்தது. செல்போனில் முப்பத்தொரு படம் எடுத்துப் பார்த்தான். முப்பத்தொன்றிலும் தலையில் பேன் மாதிரி ஒரு புள்ளி.

ஆக, சாட்சி!

தாங்க முடியாமல் திரும்பிப் பார்த்தான். திடுக்கிட்டான்.

கிளப் பெட்டியிலிருந்து அவனே எடுத்துக் கொடுத்த பதினைந்து பைனாகுலர்களும் உயர்ந்துதான் இருந்தன. ஆனால் ஒன்றுகூட ஏரியைப் பார்க்கவில்லை. எல்லாம் ஷ்யாமைக் குறிவைத்திருந்தன.

ஷ்யாம் ரஞ்சனிடமிருந்து ஒரு முழம் தள்ளிக் குந்தியிருந்த இளைஞன். சாம்பல் நிறக் கோட்டு, முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ. ஏரிக்குக் கோட்டு போட்டு வந்த மனிதனை ரஞ்சன் இதுவரை பார்த்ததில்லை. வேனை விட்டு இறங்கியதிலிருந்து அட்டை மாதிரி அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தான்.

“சார், இந்த வாத்தையெல்லாம் சாப்பிடுவீங்களா?” என்றான் ஷ்யாம் ரகசியமாக.

“பாக்கறதோட சரி.”

“தண்ணி?”

“என்ன தண்ணி?”

“இல்ல... இந்தக் குளிருக்கு ஏதாவது...”

“பிளாஸ்க்ல காப்பி இருக்கு. அங்க பாருங்க சார், ப்ளீஸ்!”

ஷ்யாம் முகம் மலர்ந்தது. பின்னால் திரும்பிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். பதினைந்து பைனாகுலர்களுக்குக் கீழே பதினைந்து வாய்களும் சிரித்தன.

அப்போதுதான் ரஞ்சன் மூக்கில் அந்த வாசனை ஏறியது. நெய் வாசனை.

புல்தரையில் ஜமக்காளம் விரித்து, நடுவில் இரண்டு எவர்சில்வர் தூக்கு. ஒன்றில் கேசரி. மற்றதில் வாழைக்காய் பஜ்ஜி. பரிமாறிக்கொண்டிருந்த பட்டு அத்தை அரக்குப் பட்டுப்புடவையில் சரசரத்தாள். பழுப்பும் பச்சையுமாக உடுத்தி வரச் சொல்லி அவன் அனுப்பிய செய்தியை இந்தக் கும்பலில் ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் தள்ளிக் கரையோரப் பாறை ஒன்றின்மேல், முதுகைக் காட்டிக்கொண்டு, மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண். சுபாஸ்ரீ என்று பெயர் கொடுத்திருந்தாள். நிமிடத்துக்கொரு முறை யாராவது எழுந்து போய் அவள் தலைப்பூவைச் சரிசெய்துவிட்டு வந்தார்கள்.

கேசரி. பஜ்ஜி. பூ. கோட்டு.

ரஞ்சனின் மண்டைக்குள் பல்பு எரிந்தது. அடப்பாவிகளா! இது பறவை பார்க்க வந்த கூட்டமே இல்லை. பெண் பார்க்க வந்த கூட்டம்! ஹோட்டல் அலுத்து, கோயில் அலுத்து, இப்போது என் ஏரிக்கு வந்துவிட்டார்களா?

தண்ணீரில் சலசலப்பு. பார்த்தான். தெர்மாகோல் தெப்பத்தில் மீன்காரர் ஒருவர் துடுப்புப் போட்டபடி வாத்து நின்ற பாறையை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஐந்து நிமிஷம். அதற்குமேல் அரிவாள் வாத்து இருக்காது.

எழுந்து குனிந்தபடியே ஓடினான். கூட்டத்துக்குத் தலைவர் சந்திரமோகன். செகந்திராபாத்தில் நான்கு தலைமுறையாக இருக்கிற குடும்பம்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். மார்பு நிறைய பைனாகுலர் தொங்கியது.

“சார், ஒரே நிமிஷம். அந்தக் கறுப்புப் பாறை இருக்கு பாருங்க...”

“ஹவ் ஹவ், பாத்துக்கிட்டேதான் இருக்கேன் தம்பி. அரை மணியா பாக்கறேன். நல்லா தெரியுது.”

“நீங்க பாறையைப் பாக்கலையே சார்!”

“பாறையக் கைக்கு... எதுக்குப் பாக்கணும்?”

பக்கத்தில் அவர் மனைவி கனகம் பைனாகுலரை இறுக்கிப் பிடித்திருந்தாள். முன்பக்கம் இரண்டு மூடியும் போட்டபடியே இருந்தன.

“அம்மா, மூடியை எடுத்துட்டுப் பாருங்க.”

“நக்கோ தம்பி, வேணாம். இப்படியே லட்சணமா தெரியுது.”

ரஞ்சன் தலையில் கைவைத்துக்கொண்டான். கை சேறு என்பது வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பட்டு அத்தை ஓடிவந்து முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பட்டு முந்தானை! அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. “ஒரு பஜ்ஜி சாப்புடு கண்ணு. வெறும் வயித்தோட சேத்துல பொரள்ற!”

“மாமா!” என்று ஷ்யாம் சந்திரமோகனைக் கூப்பிட்டான். “நான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. எனக்கு முழுத் திருப்தி.”

கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே மாமாவா! மனசுக்குள் பல்லைக் கடித்தான் ரஞ்சன். தெப்பம் பாதி தூரம் வந்துவிட்டிருந்தது. மூன்று நிமிஷம்.

இவர்கள் காரியம் முடிகிற வரைக்கும் ஒரு கண்ணும் தண்ணீர் பக்கம் திரும்பாது. அப்படியானால்? இவர்கள் காரியத்தை நாமே முடித்துவிட வேண்டியதுதான்!

ஜமக்காளத்தின் நடுவில் போய் நின்றான். ஏரிக்கரையில் குரல் உயர்த்தக் கூடாது என்று எட்டு வருஷமாகப் பாடம் எடுத்தவன், குரலை உயர்த்தினான்.

“எல்லாரும் கேளுங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு!”

பஜ்ஜிகள் பாதி வழியில் நின்றன.

“தெரிஞ்சுபோச்சா?” கனகத்தின் குரல் நடுங்கியது. “யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை. கேசரியைப் பாத்தாலே தெரியலையா? அதுல தப்பே இல்லைம்மா. ஆனா இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பைனாகுலர்ல எத்தனை நேரம் பாப்பீங்க? நேராவே கேட்டுடறேன். பையனைப் பிடிச்சிருக்கா, இல்லையா?”

தூரத்தில் நாமக்கோழி ஒன்று கத்தியது.

சந்திரமோகன் மெல்ல எழுந்தார். கண் கலங்கியிருந்தது. “நாற்பது ஜாதகம் பாத்துட்டேன் தம்பி. இப்படி நேருக்கு நேரா கேட்ட ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. பிடிச்சிருக்கு.”

“எனக்கும்!” என்றாள் கனகம்.

“எங்களுக்கும்!” என்றது ஜமக்காளம் முழுக்க.

“பொண்ணுக்கு?” ரஞ்சன் பாறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். “ஏங்க! உங்களுக்கு ஓகேவா?”

சுபாஸ்ரீ திரும்பவில்லை. வலது கையை மட்டும் விறைப்பாக மேலே தூக்கினாள்.

“கை தூக்கிட்டா! என் பொண்ணு கை தூக்கிட்டா!” என்று கூவினாள் கனகம்.

“அப்ப முடிஞ்சுது!” ரஞ்சன் சுருக்கமாக முடித்தான். “பேச்சுவார்த்தை ஓவர். தட்டு மாத்தியாச்சுன்னே வெச்சுக்குங்க. இப்ப எல்லாரும் தயவுசெஞ்சு ஏரிப் பக்கம் திரும்பி...”

அவ்வளவுதான். பட்டு அத்தை நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். பதினைந்து பேரும் கைதட்டினார்கள். ஷ்யாம் விசில் அடித்தான். தெப்பத்து மீன்காரர் என்னவோ ஏதோ என்று துடுப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

இருநூறு வாத்துகள் ஒரே நேரத்தில் தண்ணீரை உதறிக்கொண்டு கிளம்பின. அந்தக் கூட்டத்தின் வாலில், அரிவாள் இறகு இரண்டும் ஒரு கணம் வெயிலில் மின்ன, அது பனிக்குள் போயிற்று.

ரஞ்சன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முடிந்தது. மூன்றாவது சிவப்பு மை. இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது? துணி துவைப்பதா?

“கழுத்து வெள்ளை. அதுல கறுப்பா ஒரு வளையம்.”

நிமிர்ந்தான். சுபாஸ்ரீ எதிரில் நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது.

“பக்கவாட்டுல செதில் செதிலா சாம்பல் கலர். வால் மேல வளைஞ்சு தொங்கிச்சே, அது என்ன? இறகா, பாசி ஒட்டியிருந்துச்சா?”

“பா... பாத்தீங்களா?”

“இருபது நிமிஷமா! இவங்க எல்லாரும் அந்தப் பக்கம் பாத்தாங்க. எனக்கு ஒரே கூச்சம். நான் வேற எங்கதான் பாக்கறது? வீட்டுலேர்ந்து கொண்டு வந்த பைனாகுலர்ல தண்ணியப் பாத்தேன். செம்ம க்யூட். நான் கை தூக்கினேனே, வாத்து கலைஞ்சுடப் போகுது கத்தாதீங்கன்னு சொல்லத்தான். நீங்க இன்னும் சத்தமா கத்தினீங்க.”

ரஞ்சனுக்கு அவள் காலில் விழலாமா என்று இருந்தது. முதுகுப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த சாட்சிப் படிவத்தை எடுத்தான். இரண்டு வருஷமாக அதை யாரும் தொட்டதில்லை. அவள் பாறைமேல் வைத்துக் கடகடவென்று எழுதினாள். பெயர், ஊர், நேரம், தூரம், நிறம். வைத்தியநாதன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஓட்டை கிடைக்காத வர்ணனை. அரிவாள் என்று அவளாகவே எழுதியிருந்தாள்!

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

“‘பார்த்தவருக்கும் சாட்சிக்கும் உள்ள உறவு.’ இது என்ன?”

“அது ஒண்ணுமில்லைங்க. ஒரு புருஷன் பொண்டாட்டி மாத்தி மாத்தி சாட்சி சொல்லியே ஒரே சீசன்ல நாப்பது அபூர்வப் பறவை கணக்குக் காட்டிட்டாங்க. அதுலேர்ந்து உறவுக்காரங்க சாட்சி செல்லாது. உறவுக்காரங்க ஆகப்போறவங்க சாட்சியும் செல்லாது. நமக்கென்ன, ‘ஏதுமில்லை’ன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க.”

அவள் எழுதவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, பயப்படுகிறாளா, தெரியவில்லை.

“இதுல ஒரு சிக்கல் இருக்கு.”

“என்ன சிக்கல்? அந்த ஷ்யாம் எனக்குச் சொந்தமும் இல்லை, தெரிஞ்சவரும் இல்லை. நீங்க அவரைக் கட்டிக்கிட்டா என் வாத்துக்கு என்ன?”

“ஷ்யாம் அத்தான் எங்க அக்கா வர்ஷினியோட புருஷன். கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆச்சு.”

ரஞ்சன் மெதுவாகத் திரும்பினான். ஷ்யாம் அறுபதடி தள்ளி, வேன் படிக்கட்டில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை. பதினைந்து பைனாகுலர்களும் இந்தப் பாறையை நோக்கித்தான் நிமிர்ந்திருந்தன. கனகம் மூடியைக்கூட எடுத்துவிட்டிருந்தாள்.

“அப்ப...” என்றான். “அப்ப நீங்க எல்லாம் இங்க யாரைப் பாக்க வந்தீங்க?”

“‘ஞாயித்துக்கிழமை என் தம்பி எந்தப் பொண்ணு வீட்டுக்கும் வரமாட்டான். ஷாமீர்பேட்டை ஏரிக்குப் போங்க, சேத்துல குப்புறப் படுத்திருப்பான், அங்கயே பாத்துக்குங்க’ன்னு மல்காஜ்கிரியிலேர்ந்து உங்க சுமதி அக்காதான் எங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க,” என்றாள் சுபாஸ்ரீ.