சக்கரம் தரையில் இருக்கும்போது

செல்லமுத்து ஏறக்குறைய முப்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். பெரம்பலூரிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று அவர் போகாத ரோடு கிடையாது. ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட வண்டிக்கு அடியில் தலையை விட்டதில்லை. ஓட்டுவது டிரைவர் வேலை, கழற்றுவது மெக்கானிக் வேலை என்று முதலாளியின் ஷெட்டில் சொல்லாமலே ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

தோன்றியது, வேலையை விட்டு வாலிகண்டபுரத்தில் வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான். அதுவும் மருமகள் சுகன்யாவின் காரால்.

சுகன்யா பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். கணவன் அருள்முருகன் சிங்கப்பூரில் இருந்தான். தினமும் போய்வர ஒரு பழைய கார் வாங்கி அவளே ஓட்டினாள். கொஞ்ச நாளாக அந்தக் காரின் முன்னால், இடது பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். வேகத்தடை ஏறி இறங்கினால் ஒரு டொக். தெருமுனையில் திரும்பினால் இன்னொரு டொக். ஒர்க்ஷாப்பில் காட்டியதற்கு, "டை ராடு எண்ட் தேஞ்சிருக்கு மேடம், அந்த பார்ட்டை வாங்கி வச்சிருங்க. கையில நெறைய வண்டி நிக்குது, வியாழக்கிழமை பாத்துரலாம்" என்றார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் புதுப் பொருளை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மாமனாரின் கையில் வைத்தாள் சுகன்யா.

"மாமா, வீடியோ பாத்தேன். இதை நாமளே மாத்திரலாம் போலருக்கு. ஸ்பேனர் எல்லாம் பக்கத்து வூட்டு டிராக்டர்காரர்கிட்ட வாங்கிக்கலாம்."

செல்லமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை நீளம்தான் இருந்தது. ஒரு முனையில் மரை. மறுமுனையில் ரப்பர் குல்லாய் போட்ட ஒரு குண்டு. அந்தக் குண்டிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆணி. ஆணியைப் பிடித்து அசைத்தார். இறுக்கமாக, ஆனால் எல்லாப் பக்கமும் சாய்ந்து கொடுத்தது.

"இது என்னம்மா செய்யும்?"

"ஸ்டீரிங்கைத் திருப்புனா உள்ள ஒரு கம்பி இப்படியும் அப்படியும் போகுது மாமா. அந்தக் கம்பியோட நுனியில இது இருக்கு. இதுதான் சக்கரத்தைப் புடிச்சு இழுக்குது."

"இத்தினிக்கூண்டு சாமானா?"

அவர் வியப்பு வெறும் வாய்வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் கையில் பிடித்திருந்தது ஒரு வளையம். ரோட்டில் உருண்டது சக்கரம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதும் அந்தச் சாமானைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி பாப்பாத்தி, "ஏங்க, அதுக்கும் சோறு போடணுமா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறும் முன்பே வாசல் சிமெண்டுத் தரையில் வேலை தொடங்கியது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கினார்கள். கழற்றுவதற்கு முன்னால் சத்தம் உண்மையிலேயே அங்கிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றாள் சுகன்யா. லேபில் வேலை பார்ப்பவள். யார் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். சக்கரத்தின் இரண்டு பக்கமும் கையை வைத்து ஆட்டினாள். செல்லமுத்துவும் ஆட்டிப் பார்த்தார். சக்கரம் கம்மென்று இருந்தது. ஒரு டொக்கும் இல்லை.

"ஒண்ணுமே ஆடலையே மாமா. அந்த ஆளு சும்மா சொல்லி வாங்க வச்சிட்டாரா?"

செல்லமுத்து குனிந்து சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"சத்தம் எப்பம்மா வருது?"

"ஓட்டும்போது."

"ஓட்டும்போது சக்கரம் எங்க இருக்கு? தரையிலதானே. இப்படி அந்தரத்துலயா தொங்குது? எறக்கிப் பாப்போம்."

வண்டியை இறக்கினார்கள். சுகன்யா உள்ளே ஏறி, ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினாள். சக்கரத்துக்குப் பின்னால் கை போகும் அளவுக்கு இடம் கிடைத்தது. செல்லமுத்து தரையில் குந்தி, விரல்களை உள்ளே விட்டு அந்தக் குண்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப லேசா ஆட்டு. லேசா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

அவள் ஆட்டினாள். சக்கரம் நகரவில்லை. ஆனால் அவர் விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று துள்ளியது. மறுபடி ஆட்டினாள். மறுபடி துள்ளியது. ஸ்டீரிங் திரும்பியும் சக்கரம் திரும்பாத அந்த ஒரு கண இடைவெளி, ஒரு நெல் கனத்துக்கு, அவர் விரல்நுனியில் தெரிந்தது.

"மாமா? தெரியுதா?"

அவர் விரலை எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அந்த இடைவெளியை அவருக்கு முன்பே தெரியும். இதே துள்ளலை ஒரு காலத்தில் உள்ளங்கையில் உணர்ந்திருக்கிறார்.

அது முகூர்த்த நாள். ஜெயங்கொண்டம் ரோட்டில் பஸ் நிறைய ஆட்கள். ஒரு வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்தபோது, கை திரும்பி ஒரு கணம் கழித்துத்தான் பஸ் திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, இனி ஓட்டமாட்டேன் என்று இறங்கிவிட்டார். சனங்கள் வெயிலில் நின்று வாயில் வந்ததெல்லாம் சொன்னார்கள். ஷெட்டிலிருந்து வந்த மெக்கானிக் சின்னதுரை ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்றான். அன்றிலிருந்து ஷெட்டில் அவருக்கு 'நடுக்க டிரைவர்' என்று பேர். சொன்னவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கையில் எது பட்டாலும், இது வண்டியா, நம் பயமா என்று தன்னையே கேட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

சுகன்யா காரிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து குந்தினாள். அவர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"அந்த மெக்கானிக் தூக்கி வச்சித்தானே பாத்தாரு?" என்று கேட்டாள். "நம்மளும் இப்ப தூக்கி வச்சிப் பாத்தோம், தெரியல."

"அதான்ம்மா யோசிக்கிறேன்."

யோசித்துக்கொண்டே வேலையும் நடந்தது. வண்டியை மறுபடி தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கி நழுவினாலும் தாங்கட்டும் என்று கழற்றிய சக்கரத்தையே அடியில் படுக்க வைத்தார்கள். பழைய ரப்பர் குல்லாய் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு. சுகன்யா விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்; நறநறத்தது. "அரியலூர் ரோட்டு சிமெண்டு லாரிப் புழுதி மாமா. போன வருஷம் பூரா ஆஸ்பத்திரியில எனக்கு அங்கதானே டூட்டி போட்டாங்க." பழையது கம்பியில் எதுவரை மரையேறி இருந்தது என்று தெரிய, தன் நகப்பாலிஷைக் கொண்டுவந்து சிவப்பாக ஒரு கோடு போட்டாள். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே சொருகியிருந்த பின்னைப் பிடுங்கினார்கள். நட்டு கழன்றது. ஆனால் ஆணி மட்டும் தான் உட்கார்ந்திருந்த இரும்புக் கையை விட்டு வரவே மாட்டேன் என்றது. செல்லமுத்து மேலிருந்து அடித்தார், வியர்த்ததுதான் மிச்சம்.

கடைசியில் செல்லை எடுத்து சின்னதுரைக்கே போன் போட்டார். சின்னதுரை இப்போது பூலாம்பாடியில் சொந்தமாக ஷெட் வைத்திருந்தான்.

"அண்ணே, ஆணியை அடிக்காதீங்க. அது மாட்டியிருக்குற கை இருக்குல்ல, அதைப் பக்கவாட்டுல அடிங்க. ஒரு சுத்தியலை அந்தாண்ட அண்டக் குடுத்துட்டு, இந்தாண்ட நல்லா ஒண்ணு வைங்க. தானா வுழுந்துரும்."

"சரிப்பா. இன்னொண்ணு கேக்கணும். ஜெயங்கொண்டம் ரோட்டுல பஸ்ஸை நிறுத்திப்புட்டேன்ல, முகூர்த்தத்தன்னிக்கி. நீ வந்து ஜாக்கி போட்டுப் பாத்தியே."

"எந்த பஸ்ஸுண்ணே?"

செல்லமுத்து பஸ்ஸைச் சொன்னார், வளைவைச் சொன்னார், மாலையும் கழுத்துமாக இறங்கி நின்ற மாப்பிள்ளையைச் சொன்னார். சின்னதுரைக்கு எதுவும் நினைவில் இல்லை. இத்தனை வருஷம் ஒருவர் சுமந்துகொண்டிருந்தது, இன்னொருவரிடம் அடையாளம்கூட இல்லாமல் போயிருந்தது.

"சரி அதை வுடு. இந்தக் குண்டு இருக்கே, பால் ஜாயின்ட், அது தேஞ்சிருந்தா, தூக்கி வச்சி ஆட்டுனா தெரியாமப் போகுமா?"

"போகும்ணே. சில சமயம் தொங்கும்போது ஒரு பக்கமா ஒக்காந்துக்கும். பாரம் இருக்கும்போது பாக்கணும். ஒருத்தர் ஸ்டீரிங்கை ஆட்டணும், ஒருத்தர் கையை வச்சிப் பாக்கணும்." பிறகு, "அன்னிக்கி நான் தனியாவா வந்தேன்?" என்று கேட்டான்.

"தனியாத்தான் வந்தே."

"அப்ப கோளாறு இருந்திருக்கலாம்ணே. இல்லாமலும் இருந்திருக்கலாம். இப்ப எப்படிச் சொல்றது?"

செல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ வருஷமாகத் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விக்கு, 'இருந்திருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. போனை வைத்துவிட்டு, ஒரு சுத்தியலை சுகன்யாவிடம் கொடுத்து அண்டக் கொடுக்கச் சொன்னார். அடித்தார். இரண்டாவது அடியில் டங்கென்று ஆணி கீழே குதித்தது. சுகன்யா 'ஐயோ' என்று பின்னால் சாய்ந்து, பிறகு கைதட்டினாள்.

பழையதை முறுக்கிக் கழற்றி, புதியதை நகப்பாலிஷ் கோடு வரை முறுக்கி, நட்டை இறுக்கி, புதுப் பின்னைச் சொருகி முடிக்கும்போது பாப்பாத்தி இரண்டு தடவை காபியைச் சூடுபண்ணியிருந்தாள். மறுபடி சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, இந்த முறை சுகன்யா விரலை வைக்க அவர் ஸ்டீரிங்கை ஆட்டினார். துள்ளல் இல்லை. கோயில் தெருவைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் நின்றிருந்தது. ஆனால் வண்டி நேராகப் போக, ஸ்டீரிங் மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றது. கோட்டைப் பார்த்து முறுக்கியும் இப்படி வரும், சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் பார்த்தால்தான் சரியாகும் என்று வீடியோவிலேயே சொன்னதாகச் சொன்னாள் சுகன்யா. திங்கள்கிழமை அவள் வேலைக்குப் போகும் வழியில் அவரும் கூடவே பெரம்பலூருக்குப் போனார். அலைன்மென்ட் கடையில் குழிக்குள் இறங்கி நின்று, அது என்ன, இது எதுக்கு என்று அவர் கேட்ட கேள்விகளில் கடைக்காரர் டீயைக் குடிக்க மறந்தே போனார்.

சாயங்காலம் வாசலில் ரம்பம் இழுக்கும் சத்தம் கேட்டு பாப்பாத்தி வெளியே வந்தாள். செல்லமுத்து பழைய குண்டைக் காலால் அமுக்கிக்கொண்டு குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அதன் வெளிப்புற இரும்புக் கிண்ணம் இரண்டாகத் திறந்தது. உள்ளிருந்து கோலிக்குண்டு மாதிரி ஒரு உருண்டை, ஆணியோடு ஒட்டி வந்தது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் கண்ணாடிபோல மின்னியது. மறுபக்கம் தேய்ந்து, தட்டையாக, துருப்பிடித்திருந்தது.

"இதுக்கா ரெண்டு நாளா இந்தப் பாடு?" என்று அதை வாங்கிப் பார்த்தாள் பாப்பாத்தி. கட்டைவிரலால் தட்டையான இடத்தைத் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள்.

"ஏங்க, காருக்கே இம்மாம் பெருசு. நீங்க ஓட்டுன பஸ்ஸுக்கு எம்மாம் பெருசா இருந்திருக்கும்?"

செல்லமுத்து உருண்டையை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"தெரியலியே பாப்பாத்தி," என்றார். "நாளைக்கு பூலாம்பாடி போயி, சின்னதொரை ஷெட்டுல கேட்டுப் பாத்துட்டு வரேன். நீயும் வரியா?"