ஒன்பது வரிக் காவலன்

என் மனைவி ஷர்லி எம்.ஏ. படிக்கிறாள் என்பதை, அரிமளத்தில் என் டிடிபி கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவளோ தன் வேலையைப் பற்றி வகுப்பில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அரசாங்க வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பத்தொன்பது வருடமாகப் பெண்கள் சிறையில் வார்டர். பொன்னமராவதியில் ஒரு கல்யாணப் பந்தியில் அது தெரியவந்ததும், பக்கத்து இலைக்காரி "அடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அன்றோடு இவள் வாயை மூடிக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் அவளுக்கு செமினார். பாடத்தில் பழைய துன்பியல் நாடகம் ஒன்று இருக்கிறது. பொய்ப் பழி சுமந்த ராணி சிறையில் கிடக்கிறாள்; ராஜாவுக்கு உண்மை தெரிவதற்குள் அவள் உயிர் போய்விடுகிறது. அதை ஒருமுறை கறுப்பு வெள்ளைப் படமாகவும், சில வருடம் முன்பு செல்போனில் பார்க்கும் தொடராகவும் எடுத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு பாத்திரத்தை இரண்டிலும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். மற்றவர்கள் ராணியை எடுத்தார்கள், ராஜாவை எடுத்தார்கள். ஷர்லி எடுத்தது, நாடகத்தில் ஒன்பதே வரி பேசும் சிறைக்காவலனை.

முந்தின நாள் அவளுக்கு ஒரே பயம்தான். சொல்வதற்குப் பேராசிரியர் ஆதாரம் கேட்டால் வேலையைச் சொல்ல வேண்டிவரும். "கேக்க மாட்டாருங்க" என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார விட்டார்கள். ஷர்லி இரண்டு காட்சிகளையும் திரையில் ஓட்டினாள். பழைய படத்தில் காவலன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, கனைத்துக்கொண்டு, வாளியை உதைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறான். தொடரில் வருகிறவன் சத்தமே இல்லாமல் வந்து, கம்பி வழியே ராணி அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் கண்ணும் கலங்குகிறது. முன்னவன் கொடியவன், பின்னவன் மனிதன் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறதாம்.

ஷர்லி அதை மாற்றிச் சொன்னாள். பழையவன்தான் இரக்கமுள்ளவன் என்றாள்.

வகுப்பு சிரித்தது. விக்ரம் என்ற பையன், வாளியை உதைக்கிறவன் நல்லவனென்றால் எங்கள் ஹாஸ்டல் வார்டன் மகாத்மா என்றான். பேராசிரியர் வசந்தகுமார் சிரிக்கவில்லை. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

ஷர்லி என்னை ஒருமுறை பார்த்தாள். மாதாவே, கூட இரு என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"புத்தகத்துல இல்லீங்க சார். நான் பெண்கள் ஜெயில்ல வார்டர். கதவுக்குப் பத்தடி முன்னாடியே சாவியை ஆட்டுவேன். உள்ள இருக்கிறவங்க கண்ணத் தொடச்சுக்க நேரம் வேணும்ல. ஒருத்தர் அழுறத அவங்களுக்குத் தெரியாம நின்னு பாக்குறது இரக்கம் இல்லீங்க."

பழைய காட்சியை மறுபடி போடச் சொன்னார் வசந்தகுமார். இந்த முறை எல்லாரும் ராணியைப் பார்த்தோம். சாவிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். கலைந்த கூந்தலை முடிகிறாள். கதவு திறக்கும்போது நிமிர்ந்து நிற்கிறாள்.

"பதினோரு வருஷமா இவனை வில்லன்னே பாடம் நடத்தியிருக்கேன்மா" என்றார் வசந்தகுமார். துறை மலருக்குக் கட்டுரையாகத் தரச் சொன்னார். ஆதாரத்தையும் மறக்காமல் எழுதச் சொன்னார். விக்ரம் எழுந்துபோய் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரும் தள்ளி உட்காரவில்லை. அந்த முரட்டுச் சாவிச் சத்தம் ஆண்டவர் காதில் ஜெபமாகத்தான் விழும் என்று நான் நம்புகிறேன்.

சாயங்காலம் கடையைத் திறந்து நானே தட்டச்சு செய்தேன். ஆதாரப் பட்டியலில் பன்னிரண்டு புத்தகங்கள். பதின்மூன்றாவதை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்: 'ஷர்லி அடைக்கலம், சிறைக் காவலர், பத்தொன்பது ஆண்டுப் பணி.'

அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன். "மத்ததெல்லாம் எப்படி இருக்கோ, இதுவும் அப்படியே இருக்கட்டுங்க" என்றாள். மாற்றினேன்.

ஆனாலும் இருபது பிரதி எடுத்தேன்.