பருப்பு வேகாத தண்ணீரில் பதினோரு குஞ்சுகள்

1.

இது முதலில் கதையாக இல்லை. மீன் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஆண்டுக்கொரு மலர் போடுகிறார்கள். தேனியில் ஒரு கிழவன் வீட்டுத் தொட்டியில் ஃப்ரண்டோசா என்கிற ஆப்பிரிக்க ஏரி மீனில் குஞ்சு எடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். தட்டச்சு செய்ய உட்கார்ந்த என் மகள் பவானி பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"அப்பா, இதுல ரெண்டு பொய் இருக்கு. கட்டுரையில பொய் எழுதக் கூடாது."

"கதைன்னா எழுதலாமா?"

"கதைன்னா எழுதலாம்."

அதனால் இது கதை. என் பெயர் சின்னக்கருப்பு. ஐந்தாவது வரை படித்தவன். படிக்கிற உங்களை எனக்குத் தெரியாது, அதனால் நம்பவும் இல்லை. நீங்களும் என்னை நம்ப வேண்டாம். அந்த இரண்டு பொய் எங்கே என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

2.

தொடக்கம், முதல் தடவை:

ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா என்னும் ஏரியின் நீல ஆழத்தில், பாறைகளின் நடுவே—

[அடித்துவிட்டேன். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. பார்க்காத தண்ணீரைப் பற்றிப் பேசியவர்கள் பேச்சைக் கேட்டு எத்தனையோ பேர் வெறும் பாறையில் துளை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.]

தொடக்கம், இரண்டாம் தடவை:

நாற்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் இருந்தேன். சின்னமனூர், தேவாரம், பொட்டிப்புரம் என்று இந்தப் பள்ளத்தாக்கில் நான் துளை போடாத ஊர் இல்லை. (இது பொய் இல்லை. என் மந்தமான காதே சாட்சி. அதனால்தான் சத்தமாகப் பேசுவேன். கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் கோபம்தான்.) ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன், அல்லிநகரத்தில் சொந்த வீட்டுக்குப் போட்ட போரில் நானூற்று இருபது அடியில் வந்தது உப்புத்தண்ணி. பெயர்தான் உப்பு, உள்ளே எல்லாம் சுண்ணாம்பு. சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளை படியும். நல்ல தண்ணியில் நாலு விசிலுக்குக் குழைகிற துவரம்பருப்பு, இதில் பத்து விசில் விட்டாலும் பல்லில் நெரிபடும்.

எதிர்வீட்டுச் சுந்தரலிங்கம் தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருஷமாக ஒரே கேலி: "கருப்பு, பேசாம அந்தப் போரு மேல ஒரு பிள்ளையார வச்சிரு. அபிசேகத்துக்கு எங்க வீட்டுல வந்து தண்ணி வாங்கிக்க."

3.

ஏழு வருஷத்துக்கு முன் மதுரையில் மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் மீன் கடை. வெள்ளை உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஃப்ரண்டோசா குட்டிகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. கடைக்காரர் ஞானதுரை கையை விரித்தார்.

"இது நம்ம தண்ணில நிக்காதுண்ணே. நல்ல சுண்ணாம்புத் தண்ணி வேணும். நாங்களே பொடி கலந்துதான் வச்சிருக்கோம்."

விற்கிறவன் சொல்வதை நான் நம்புவதில்லை. அடுத்த வாரம் ஒரு கேனில் என் போர்த் தண்ணியைக் கொண்டுபோய், சோதித்துக் காட்டு என்றேன். ஒரு குப்பியில் ஊற்றி மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டார். சுண்ணாம்பு எவ்வளவு கூடவோ, நிறம் மாற அத்தனை சொட்டு கூட வேண்டுமாம். நிறம் மாறவில்லை. இன்னும் விட்டார். மாறவில்லை. இருபது தாண்டியதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊர்த் தண்ணிண்ணே இது?"

அந்தத் தண்ணீரை மரியாதையாக விசாரித்த முதல் ஆள் அவர். பத்துக் குட்டிகளை வாங்கினேன்.

பத்தும் இன்று இருக்கின்றன. தொட்டி எட்டடி நீளம், அகலமும் உயரமும் இரண்டரை அடி; பிடிப்பது ஆயிரத்து நானூறு லிட்டர். அதைத் தாங்கும் மேடையை போருக்கு இறக்கும் கேசிங் பைப்பில் நானே வெல்டிங் வைத்தேன். யானை ஏறினாலும் அசையாது. (யானை ஏறியதில்லை.) பெரிய ஆண் மீன் ஓரடிக்குக் கொஞ்சம் குறைவு. நெற்றியில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தது போல ஒரு புடைப்பு. அது திரும்புவதைப் பார்க்க வேண்டும். அவசரமே இல்லாமல், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவன் மாதிரித் திரும்பும். ஞானதுரை பஸ் ஏறி வந்து பார்த்தார். "என் கடையில இப்படி ஒண்ணு இல்ல" என்றார். அந்த நேரம் பார்த்து சுந்தரலிங்கம் வாசலில் நின்றார். நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

4.

இங்கே என் மனைவி கஸ்தூரியம்மாள் கதைக்குள் வர வேண்டும். இவளை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். முதலில் "விவரம் அறியாத பெண்" என்று எழுதியிருந்தேன்.

(அம்மா பத்தாவது படித்தவர். எழுதுகிறவரைவிட ஐந்து வகுப்பு கூட. — பவானி)

சரி. விவரம் அறிந்த பெண். கேன் தண்ணியை அவளும் நம்புவதில்லை, நானும் நம்புவதில்லை. அதனால் பதினெட்டு வருஷமாகத் தெருமுனைப் பொதுக்குழாயிலிருந்து எவர்சில்வர் குடத்தில் நல்ல தண்ணி சுமக்கிறாள்.

இந்த மீனில் தாய் முட்டையை வாயில் வைத்துக்கொள்ளும். குஞ்சு நீந்தத் தெரிந்து வெளியே வர ஒரு மாதம் ஆகும். அதுவரை இரை எடுக்காது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று வாயை ஊத வைத்துக்கொண்டு ஒதுங்கியது. இருபத்திரண்டாம் நாள் காலை நான் மீனுக்கு இறால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், கஸ்தூரி ஸ்டூலில் ஏறித் தொட்டிக்குள் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்! யாரக் கேட்டு ஊத்துன? பிளீச்சிங் பவுடர் தண்ணிடி! கொன்னுட்டியே!"

"இருபது நாளா பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்கா. வாயும் வயிறுமா இருக்கவளுக்கு ஒரு கொடம் நல்ல தண்ணி ஊத்துனா என்ன கொறஞ்சுபோச்சு?"

அந்தத் தண்ணீர் பட்டதும் தாய் மிரண்டு குஞ்சுகளைத் துப்பியது. மற்ற மீன்கள் பாய்ந்தன. நான் விரைந்து செயல்பட்டுப் பதினொன்றைக் காப்பாற்றினேன்.

(இங்கேதான் நான் கையை எடுத்தேன். — பவானி)

5.

அன்று மாலையே தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். மறுநாள் மதியம் சாம்பாரில் பருப்பு கல்லுக் கல்லாகக் கிடந்தது.

"என்ன இது?"

"உங்க தண்ணிதான். மதுரைக்காரரே பஸ் ஏறி வந்து மெச்சுனாகல்ல? சாப்பிடுங்க."

"நல்ல தண்ணி எங்க?"

"கொடத்துல குஞ்சு கெடக்கு. எதுல போயி எடுக்க?"

குளியலறை மூலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. அது இருப்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

"பதினெட்டு வருசம் இந்தத் தண்ணியால நான் கொடம் தூக்குனேன். அப்ப ஒருநா நீங்க வாய்தொறந்து ஒண்ணு சொல்லல. பத்து மீனு வந்ததும் பெருமை வந்துருச்சாக்கும்."

அதே சாம்பாரைத்தான் அவளும் சாப்பிட்டாள். இப்படிப் பன்னிரண்டு நாள். நானும் மிச்சம் வைக்காமல் மென்றேன். எனக்குப் பல் கெட்டி.

[இங்கே வாயில் எதையோ வைத்துக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருப்பது பற்றி ஓர் உவமை எழுதியிருந்தேன். அழகாகவே இருந்தது. அதனால் நம்பிக்கை வரவில்லை. அடித்துவிட்டேன்.]

6.

இனித் திருத்தம்.

பொய் ஒன்று. தண்ணீர் பட்டு அந்த மீன் மிரளவில்லை. ஒரு குடம் பதினைந்து லிட்டர்; ஆயிரத்து நானூறில் அது எந்த மூலைக்கு? அதுவும் இரண்டு நாள் திறந்து வைத்து பிளீச்சிங் வாடை போன தண்ணீர். தொட்டி பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் குழாய்த் தண்ணியைத் திறந்து வைத்து ஊற்றுங்கள் என்று ஏழு வருஷமாக நான் சொல்வதை அவள் கேட்டிருக்கிறாள். மிரண்டது எதற்கு என்றால், கத்தியபடியே நான் உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். ஒரு நிழல் சட்டென்று விழுந்தாலே சிதறுகிற மீன் இது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

பொய் இரண்டு. நான் விரைந்து செயல்படவில்லை. கத்திக்கொண்டிருந்தேன். கஸ்தூரிதான் ஸ்டூலிலிருந்து குதித்து ஓடி, டீ வடிகட்டியை எடுத்து வந்து, முழங்கை வரை நனைய அள்ளினாள். எவர்சில்வர் குடத்தில் என் போர்த் தண்ணியைப் பிடித்து, காற்றுக் குழாயை உள்ளே விட்டு, அடுப்படியில் வைத்துக்கொண்டாள். தினமும் பாதித் தண்ணீர் மாற்றுகிறாள். மஞ்சள்கரு வயிறு வற்றி, உடம்பில் கறுப்புப் பட்டை விழுந்து, இப்போது பதினொன்றும் நீந்துகின்றன. நான் அடுப்படி நிலைப்படியில் நின்று எட்டிப் பார்ப்பேன். "தள்ளி நில்லுங்க, நெழல் விழுகுது" என்பாள்.

எழுதிவிட்டேன். இந்த ஊரில் யாரும் எடுக்காத குஞ்சு. எடுத்தது என் தண்ணீர். காப்பாற்றியது அவள் கை. இரண்டையும் சேர்த்து எழுதினாலும் என் பெருமை அப்படியொன்றும் குறையவில்லை. ஆச்சரியம்தான்.

7.

முடிவுகள்.

அ) நான் மன்னிப்புக் கேட்கிறேன். கஸ்தூரி கண்கலங்கி—

(நடக்காது. இரண்டுமே. — பவானி)

ஆ) குஞ்சுகள் பெரிதாகித் தொட்டிக்குள் போகின்றன. மூடியில் பூட்டு இல்லை. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. [இது எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.]

இ) இன்று காலை நடந்தது. பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். என் வாழ்நாளில் முதல் தடவை. நேரே குழாய்க்குப் போனவனை, வரிசையில் நின்ற தெருக்காரி சுருளியம்மாள் மறித்தாள்.

"அண்ணே, கடைசில போயி நில்லுங்க. கொடத்துக்கும் வரிசை இருக்கு."

நின்றேன். சுந்தரலிங்கம் பால் வாங்கிக்கொண்டு வந்தவர் நின்றேவிட்டார்.

"என்னப்பா கருப்பு, மதுரையே மெச்சுற தண்ணிய வீட்டுல வச்சுக்கிட்டு இங்கன நிக்குற?"

"அது மீனுக்கு. இது எம் பொண்டாட்டிக்கு" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். என் குரல் அப்படி.

குடம் இத்தனை கனம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன். அடுப்படி வாசலில் வைத்து மூடினேன். மூடி மேல் தொட்டியின் பூட்டுச் சாவியையும் வைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

சாவியை எடுத்தாளா, தெரியாது. உள்ளே பருப்புக்குக் குக்கர் வைத்துவிட்டாள். இரண்டு தண்ணியும் அங்கேதான் இருக்கிறது. எதில் வைத்தாள் என்று இங்கிருந்து தெரியவில்லை; நாலு விசிலா, பத்தா என்று எண்ண வேண்டியதுதான். எழுந்து போய்ப் பார்க்கவும் மாட்டேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு. இது சத்தமாகவே கேட்டது.

இனி நீங்கள்தான் கேட்க வேண்டும். தொட்டியின் மோட்டார் ஓடுகிறது, எனக்கோ காது மந்தம்.