கோட்டுக்கு அந்தப் பக்கம்

அப்பாவின் இடது காலில் சாக்ஸ் ஏறவே மாட்டேன் என்றது. ஜின்சி குதிகாலைத் தன் மடியில் தூக்கி வைத்து இழுத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோதே அந்தக் கால் யாருக்கும் அடங்கியதில்லை. சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்த வெள்ளைச் சட்டையை அம்மா ராகேல் திருப்பி அனுப்பிவிட்டாள். கல்லூரியில் கொடுத்த நீல ஜெர்சியைத்தான் போட்டிருந்தார்கள். அதன் முதுகில் 'அசிஸ்டென்ட் கோச்' என்று அச்சடித்திருக்கும். மல்லாந்து கிடப்பதால் இன்றைக்கு அதை யாரும் வாசிக்க முடியாது. ஜின்சிக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

பின்னே, பிறந்த நாள் முதல் கேட்டுப் புளித்த வார்த்தை அல்லவா. கிளீட்டஸ் என்ற அப்பாவின் பெயரையே ஊர் மறந்துபோயிருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் 'அசிஸ்டென்டுக்க மவ'. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பெரிய கோச்சுகள் சர்டிபிகேட்டோடு வந்தார்கள், போனார்கள். அப்பாவிடம் அந்தப் படிப்பு இல்லை, அதனால் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அவர் இரண்டிலும் தலைகீழ். விடியுமுன் வீடு வீடாகப் போய்ப் பையன்களை எழுப்புவார். மீன்பிடிக்க வள்ளத்துக்கு இழுத்துப்போக நிற்கிற தகப்பன்மாரிடம் சண்டை போடுவார். சுளுக்குக்குத் தைலம் தேய்ப்பார், பந்துப்பையைச் சுமப்பார். போட்டோ எடுக்கும்போது மட்டும் ஓரத்தில் நிற்பார். பத்திரிகைக்காரன் படத்தைக் கத்தரிக்கும்போது முதலில் போவது அவருடைய தோள்தான்.

ஆட்டத்தில் கோட்டருகே நின்று சத்தம் கொடுக்க ஒருவருக்குத்தான் அனுமதி. அது பெரிய கோச். அசிஸ்டென்ட் பெஞ்சில் இருக்கவேண்டும். கிளீட்டசால் அது முடியுமா? பந்து நகர நகர அவரும் நகர்ந்து கோட்டைத் தாண்டிவிடுவார். உடனே ரெஃப்ரி பொன்னுலிங்கம் விசிலோடு ஓடி வருவார். "அசிஸ்டென்ட், கோட்டுக்கு அந்தப் பக்கம்." கல்யாண வீட்டுப் பந்தியில் கிளீட்டஸ் ரசம் கேட்டால்கூட யாராவது அதையே சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். ஜின்சிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முந்தாநாள்தான் கல்லூரி அணி அரையிறுதியில் ஜெயித்தது. அவர் காலத்தில் முதல் இறுதிப் போட்டி. அதுவும் சொந்த ஊரில், கோயில் மைதானத்தில். நேற்று ராத்திரி கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இறுதிப் போட்டி இன்றைக்கு.

சாக்ஸ் ஒருவழியாக ஏறியபோது வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். பெரிய கோச் பகவதியப்பன், கேப்டன் லிஜின், ஊர்க் கமிட்டி துணைத்தலைவர் வேளாங்கண்ணி. லிஜினின் கண் வீங்கியிருந்தது.

"எக்கா, நாங்க ஆடல்லே," என்றான் லிஜின்.

"ஆடல்லேன்னா?"

பகவதியப்பன் தொண்டையைச் செருமினார். "மாத்தி வைக்கக் கேட்டோம்மா. திருவனந்தபுரத்து டீமுக்கு நாளைக்குப் பரீட்சையாம். இன்னைக்கு எறங்கல்லேன்னா கப்பு அவங்களுக்கு."

"ஊருல சவம் கெடக்கும்போ வள்ளம் எறங்காது, பந்து உருளாது," என்றார் வேளாங்கண்ணி. "இது நேத்து வந்த வழக்கம் இல்லே மக்களே. அவருக்கு வேண்டி வழக்கத்த மாத்துனா, நாளைக்கு ஊரு என்னத்தச் சொல்லும்?"

ஜின்சி அப்பாவின் காலை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். ஆயுசு முழுக்க ஒரு மனிதன் காத்திருந்த கப். அவர் செத்ததாலேயே அது கையைவிட்டுப் போவதா? அப்படியானால் இந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய சாவு வேறு இல்லை. அவள் வாயைத் திறக்கும் முன் ராகேல் பேசினாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"கேட்டியளா. மாட்ச் உள்ள நாள்ல அந்த மனுசன் ஒரு நாளும் வீட்டுல இருந்ததில்லே. எனக்குப் பேறு வலி வந்த அண்ணைக்கும் இல்லே. இன்னைக்கு மட்டும் எதுக்கு வீட்டுல கெடக்கணும்?"

ராகேல் ஜெர்சியின் கழுத்தைச் சரிசெய்தாள்.

"கொண்டு போங்க. அவரு வீட்டுல கெடக்கும்போ பந்து உருண்டாத்தான மரியாதக்கேடு? கிரவுண்டுல இருந்தா அது அவருக்க மாட்ச்."

வேளாங்கண்ணி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "அதுவும் உள்ளதுதான்," என்றார்.

மைதானத்தில் கடலோரப் பக்கம் இருக்கும் பெஞ்சுகளில் இரண்டைச் சேர்த்துப் போட்டுப் பெட்டியை வைத்தார்கள். எதிர்ப்பக்கம் கோயில். பந்து பார்க்க வந்தவர்கள், துக்கத்துக்கு வந்தவர்கள் என்று பிரிக்க முடியாதபடி கூட்டம். பெட்டி தூக்க வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் ஆடிய பழைய ஆட்டக்காரர்கள்.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினார்கள். பையன்களின் கால் கட்டிப்போட்டதுபோல் கிடந்தது. இரண்டாம் பாதியில் லிஜின் தலையால் முட்டி ஒன்று திருப்பினான். அதன் பிறகு பந்து அங்கேயும் இங்கேயும் அல்லாடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோயில் மணி அடித்துவிட்டது. பூசைக்கு நேரமாகிவிட்டது என்று பாதர் ஆள் அனுப்பினார்.

பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் நகர்ந்தால்தானே? தோளில் பெட்டி, கண் பந்தில். பந்து முன்னால் போனால் இவர்களும் ஓரடி முன்னால். கிளீட்டஸ் வளர்த்த கால்கள், வேறு எப்படி இருக்கும். நெருக்கத்தில் ஒருவருக்குக் கால் இடற, வேளாங்கண்ணி, "எறக்குங்கலே, எறக்குங்க," என்று பதறினார். இறக்கினார்கள். பார்த்தால் பெட்டி சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. முன்பாதி மைதானத்துக்குள் இருந்தது.

நீளமான விசில். பொன்னுலிங்கம் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அசிஸ்டென்ட், கோட்டுக்கு அந்தப்..."

பாதியில் நின்றுவிட்டார். பழக்கத்தில் வந்த வார்த்தை, திரும்ப விழுங்கவும் முடியவில்லை. அவர் விசிலைக் கையில் வைத்து உருட்டினார். தாழ்ந்த குரலில் பகவதியப்பனிடம் சொன்னார். "சாரே, சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா. கோட்டுல ஒருத்தர்தான் நிக்கலாம்."

கோட்டருகே நின்றிருந்த பகவதியப்பன் பெட்டியைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். பெட்டி இருந்த பெஞ்சில் போய், பந்துப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒருத்தர்தான் நிக்காரு சார்," என்றார். "நான் உக்காந்தாச்சு."

ஜின்சி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். முதன்முதலாக அவள் அழுதாள். துக்கத்தில் அல்ல. பெருமை தாங்க முடியாமல்தான் அழுதாள்.

பொன்னுலிங்கம் பந்தைக் கீழே போட்டு விசில் ஊதினார். பந்து லிஜின் காலுக்கு வந்தது. அவனைச் சுற்றி மூன்று பேர். கோயில் பக்கம் ஆளே இல்லை, காலியாகக் கிடந்தது. கிளீட்டஸ் ஒருநாளும் இடது, வலது என்று சொன்னதில்லை. களியக்காவிளைக்குப் போய் ஆடினாலும் அவருக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கோயில். அசலூர் அணிகள் அவர் பையன்களை ஜெபம் சொல்ல அனுப்புகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பா போடும் அந்தச் சத்தத்துக்காகவே மைதானப் பக்கம் வர வெட்கப்பட்ட ஜின்சியின் வாய் தானாகத் திறந்தது.

"கோயிலுக்குப் போ லே."

பெட்டி தூக்குகிறவர்கள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று திடுக்கிட்டுக் குனிந்து கைப்பிடியைப் பிடித்தார்கள். லிஜினுக்கு மட்டும் விளங்கியது. நிமிர்ந்து பார்க்காமலேயே பந்தைக் கோயில் பக்கம் தூக்கி அடித்தான். அங்கே ஓடிவந்த பையன் அதை ஒரே அடியில் வலைக்குள் போட்டான். குனிந்தவர்கள் நிமிர்ந்தபோது ஊரே மைதானத்துக்குள் இருந்தது.

கோப்பையை வாங்க ராகேலைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய், மீன்கூடையை வாங்குவதுபோல இடுப்பில் வாங்கிக்கொண்டாள். ஊர்வலத்தில் முன்னால் சிலுவை, பின்னால் கோப்பை, அதற்குப் பின்னால் கிளீட்டஸ். சாவுக்கு வந்த பேண்டுக்காரர்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். "திருவிழாவுக்கு உள்ளத அடிங்கலே," என்றார் வேளாங்கண்ணி. அடித்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் பகவதியப்பன் பந்துப்பையைச் சுமந்துகொண்டு வந்தார்.

பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு மேலே பெட்டியைக் கயிற்றில் ஏந்தியபோது அடிப்பலகை தெரிந்தது. கருப்புப் பலகையில் குறுக்காக வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. குழி வெட்டுகிறவர் தலைத்துண்டை அவிழ்த்துத் துடைக்கப் போனார்.

கூட்டத்திலிருந்து பொன்னுலிங்கம் கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"கெடக்கட்டும்," என்றார்.

கயிறு மெல்ல இறங்கியது.